நம்பாதவர் ஏன் வரிசையில் நிற்கிறார்?

"ஆப்பிரிக்க நாடுகளில் அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போகிறது என்று படிக்கிறேன். அதே ஜனங்கள் விடிவதற்கு முன்பே வாக்குச்சாவடி வாசலில் வரிசையில் நிற்கும் படங்களையும் பார்க்கிறேன். நம்பாதவர்கள் ஏன் பங்கேற்கிறார்கள்? பங்கேற்க வைத்தால் நம்பிக்கை வந்துவிடுமா?" என்று அரசியல் அறிவியல் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். பார்ப்பதற்கு இரண்டு கேள்விகள். அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: நம்பிக்கை முதலில் வருமா, பங்கேற்பு முதலில் வருமா?

பங்கேற்பு தானாக நம்பிக்கையைக் கொண்டுவராது என்பதுதான் நான் கண்டது. கேட்டதற்கு ஒரு பதில் வந்தால் கொஞ்சம் வரும், அந்தப் பதிலும் "முடியாது, இன்ன காரணம்" என்று இருந்தால்கூட வரும். பதிலே வராத இடத்தில், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொன்னதே இருந்த நம்பிக்கையையும் தின்றுவிடும். இதை நான் சொல்வது கென்யாவிலும் உகாண்டாவிலும் 11 வருடம் வேலை பார்த்த அனுபவத்தில். முதலில் கருத்துக்கணிப்புக்குப் போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன், அப்புறம் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி ஒரு உள்ளாட்சிப் பகுதி) பட்ஜெட் கூட்டங்களை உட்கார்ந்து கவனிப்பதே வேலையாக இருந்தது. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். நான் கிழக்குப் பக்கத்தை மட்டும் நேரில் பார்த்தவன். மேற்கிலும் தெற்கிலும் நடந்ததாக நான் சொல்வதெல்லாம் படித்தும், அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் எண்களைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் நமக்கு இருக்கும் நல்ல தரவு ஆஃப்ரோபாரோமீட்டர் என்ற ஆய்வு வலையமைப்பு 1999 முதல் சேர்த்துவருவது. ஒரு நாட்டுக்கு 1,200 பேர் அல்லது 2,400 பேர், வீட்டுக்கே போய், அவரவர் மொழியில் கேட்பார்கள். 2021 முதல் 2023 வரை 39 நாடுகளில் எடுத்த சுற்றில், மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு எந்த ஆட்சிமுறையையும்விட ஜனநாயகமே மேல் என்றார்கள். தங்கள் நாட்டில் ஜனநாயகம் நடக்கும் விதம் திருப்தி என்றவர்கள் 37 சதவீதம்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தால் ராணுவம் வந்தாலும் ஒப்புக்கொள்வோம் என்றவர்கள் பாதிக்கு மேல். யாரை நம்புகிறீர்கள் என்று கேட்டால் மதத் தலைவர்களும் ராணுவமும் மேலே நிற்கும், நாடாளுமன்றமும் கட்சிகளும் கீழே கிடக்கும். இந்த வரிசை பல சுற்றுகளாக மாறவில்லை.

இதுவரை உறுதியாகச் சொல்லலாம். சந்தேகம் அடுத்த அடியில் தொடங்குகிறது. "அதிபரை எவ்வளவு நம்புகிறீர்கள்" என்ற கேள்விக்கு வரும் பதில் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருமா? தராது என்றுதான் நினைக்கிறேன். பேசப் பயப்படும் நாடுகளில் தலைவர் மீது நம்பிக்கை உயரமாகவும், சுதந்திரமாகத் திட்டலாம் என்ற நாடுகளில் குறைவாகவும் பதிவாவது ஆய்வாளர்கள் நன்றாக அறிந்த விஷயம். அதனால்தான் இந்த மாதிரிக் கேள்வித்தாள்களில், "எங்களை யார் அனுப்பியதாக நினைக்கிறீர்கள்?" என்று கடைசியாக ஒரு கேள்வி வைப்பார்கள். எத்தனை முறை சொன்னாலும், "அரசாங்கம்தானே அனுப்பியது" என்று சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள்.

ஒரு வீடு நினைவில் இருக்கிறது. பயிற்சி முடித்த பெண் ஒருத்தி கேள்வி கேட்க, நான் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அதிபர் மீது நம்பிக்கை, "மிக அதிகம்". காவல்துறை, "மிக அதிகம்". உள்ளூராட்சி, அதுவும் அப்படியே. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கேள்விகள் முடிந்து, டேப்லெட்டைப் பைக்குள் வைத்து, கும்பிட்டு எழுந்தோம். வாசல்வரை கூடவே வந்தவர், வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டே, மருந்தகத்தில் நாலு மாதமாக மலேரியா மாத்திரை இல்லை, மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடினோம் என்று கால் மணி நேரம் பேசினார். அது எதுவும் எங்கள் தரவில் இல்லை. அன்றிலிருந்து எந்த நாட்டின் நம்பிக்கை எண்ணைப் பார்த்தாலும், "அரசியல் பற்றிப் பேசும்போது கவனமாக இருப்பீர்களா" என்ற கேள்விக்கு அதே நாட்டில் வந்த பதிலையும் சேர்த்தே பார்க்கிறேன்.

சரி, நம்பாதவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? நம் மொழியில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒருவர் மேல் வைக்கும் நம்பிக்கை ஒன்று, நாளைக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை இன்னொன்று. ஆட்சியில் இருப்பவர் மேல் முதல் வகை இல்லாதபோதும் ஓட்டின் மேல் இரண்டாவது வகை இருக்க முடியும். சொல்லப்போனால் முதலாவது இல்லாததால்தான் பலர் போகிறார்கள். திருடுவான் என்று தெரிந்தால் வீட்டில் யாராவது ஒருவர் காவல் இருப்போம் இல்லையா, அந்த மாதிரி.

கென்யாவில் இந்தச் சந்தேகத்தையே நடைமுறையாக்கி வைத்திருக்கிறார்கள். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் நடந்த கலவரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். முடிவு எங்கே எப்படி மாறியது என்று யாருக்கும் தெரியாததுதான் தீக்கு எண்ணெய். அதன் பிறகு வந்த முறையில் வாக்குச்சாவடியிலேயே எண்ணி, 34ஏ என்ற படிவத்தில் எழுதி, கட்சி முகவர்கள் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைச் சாவடிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். கதவில் ஒட்டிய அந்தத் தாளை ஊர்க்காரர்கள் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். 2017இல் அந்தப் படிவங்கள் மேலே போன விதம் சரியில்லை, சர்வரைத் திறந்து காட்டச் சொன்ன உத்தரவையும் தேர்தல் ஆணையம் சரிவர நிறைவேற்றவில்லை என்று, செப்டம்பர் 1ஆம் தேதி தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் முறை. 2022இல் 46,229 சாவடிகளின் படிவங்களையும் ஆணையம் பொதுத் தளத்தில் போட்டுவிட்டது. வீட்டில் உட்கார்ந்தே யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். ஏழு ஆணையர்களில் நாலு பேர் முடிவை ஏற்க மறுத்தும், ஜெயித்த ருட்டோவுக்கும் தோற்ற ஒடிங்காவுக்கும் இடையே சுமார் 2.33 லட்சம் ஓட்டுதான் வித்தியாசம் என்றிருந்தும், நாடு 2007 மாதிரி எரியவில்லை. காரணம் பல இருக்கலாம். அந்தப் படிவங்கள் எல்லோர் கையிலும் இருந்தது அதில் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

மலாவியிலும் இதே கதை, இன்னும் அழகாக. 2019 மே தேர்தலில் முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். மக்கள் மாதக்கணக்கில் ஊர்வலம் போனார்கள், வழக்கு விசாரணையை வானொலியில் கேட்டார்கள். 2020 பிப்ரவரி 3ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு வந்து தேர்தலை ரத்து செய்தார்கள். ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சியின் லாசரஸ் சக்வேரா ஜெயித்தார். 2025 செப்டம்பரில் அதே மக்கள் அவரையும் தோற்கடித்து, பழைய அதிபர் முத்தரிகாவையே திரும்பக் கொண்டுவந்தார்கள். இதை வைத்து மலாவிக்காரர்கள் அரசாங்கத்தை நம்புகிறார்கள் என்று சொல்ல முடியுமா? விலைவாசியில் நொந்துபோனவர்கள் அவர்கள். ஆட்சியை மாற்றும் வழி வேலை செய்கிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நம்பிக்கை குறைவு என்ற எண்ணைக் கண்டதும் பதற வேண்டாம். எனக்குக் கவலை தருவது சந்தேகப்பட்டவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுவதுதான். கென்யாவில் 2017 ஆகஸ்டில் சுமார் 79 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2022இல் சுமார் 65 ஆக இறங்கியது. தென்னாப்பிரிக்காவில் 1999இல் பதிவு செய்தவர்களில் 89 சதவீதம் பேர் வந்தார்கள், 2024இல் 59ஐத் தொடவில்லை. நைஜீரியாவில் 2023இல் சுமார் 27 சதவீதம்தான். மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் நைஜரிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தெருவில் கைதட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஜனநாயகத்தை வெறுத்தவர்கள் என்பதைவிட, பதில் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்த நாடுகளில் நான் வேலை செய்ததில்லை என்பதால் இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது பாதி: பங்கேற்க வைத்தால் நம்பிக்கை வருமா? இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் உகாண்டாக் கதை ஒன்று உண்டு. 1991 முதல் 1995 வரை ஆரம்பப் பள்ளிகளுக்கு மத்தியிலிருந்து அனுப்பிய மானியத்தில், சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களிலேயே கரைந்துவிட்டது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் போனது என்று செய்தித்தாள்களில் போடத் தொடங்கினார்கள். சில வருடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அந்த 13 உறுதி. பிறகு நிலைமை வெகுவாக மேம்பட்டதும் உறுதி. ஆனால் அதைச் செய்தித்தாள் மட்டுமே சாதித்தது என்று சொல்வதில் விவாதம் இருக்கிறது. அதே காலத்தில் 1997இல் இலவச ஆரம்பக் கல்வி வந்தது, பணம் அனுப்பும் முறையே மாறியது, கடன் கொடுத்தவர்களும் நெருக்கினார்கள்.

இன்னொன்று சுகாதார நிலையங்கள் பற்றியது. 50 நிலையங்களை எடுத்து, அவற்றில் பாதியில் மட்டும் ஊர்க்காரர்களையும் ஊழியர்களையும் உட்கார வைத்து, இங்கே என்ன குறை என்று ஒரு அட்டையில் எழுதிக் காட்டிப் பேச வைத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2009இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. உலகமே கொண்டாடியது, நானும்தான். கூட்டங்களில் அந்த ஆய்வின் வரைபடத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பிறகு அதே மாதிரியை 376 நிலையங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, இறப்பு விகிதத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. சிகிச்சையின் தரத்தில் கொஞ்சம் முன்னேற்றம், அவ்வளவுதான். மக்களைக் கூட்டிப் பேச வைத்தால் போதும் என்ற என் உற்சாகம் அங்கேதான் அடங்கியது. மருந்து வாங்கும் அதிகாரம் மேலே இருக்கும்போது, கீழே இருக்கும் நர்ஸைக் கேள்வி கேட்டு என்ன ஆகும்?

கென்யாவுக்குத் திரும்புகிறேன், நான் நன்றாக அறிந்த இடம் அதுதான். 2010 அரசியலமைப்பு மக்கள் பங்கேற்பை நாட்டின் அடிப்படை விழுமியங்களில் ஒன்றாக 10ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. சட்டம் இயற்றும்போதும், 47 கவுன்டிகள் பட்ஜெட் போடும்போதும் மக்களைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் செய்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். இதற்கு முன்னோடி தென்னாப்பிரிக்கா. மாகாணங்களின் அவை பொதுவிசாரணை நடத்தவில்லை என்ற காரணத்துக்காகவே 2006இல் அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டங்களைச் செல்லாதாக்கியது. காகிதத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு உலகில் குறைவு.

அந்தக் காகிதம் ஊருக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு வார்டுக் கூட்டம். எந்தக் கவுன்டி என்று வேண்டாம். பள்ளி மைதானத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்பது மணிக்கு என்று சொல்லிப் பதினொன்றரைக்கு வந்த அதிகாரிகள். பட்ஜெட் புத்தகம் இருநூறு பக்கம், ஆங்கிலத்தில். நாற்பது பேருக்கு மூன்று பிரதி. நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. அங்கே வயதான பெண்களை "மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மா என்று பொருள். அப்படி ஒரு மாமா எழுந்து, ஆழ்துளைக் கிணறு பற்றிக் கேட்டார். போன வருடமும் கேட்டேன், அதற்கு முந்தின வருடமும் கேட்டேன், எழுதிக்கொண்டீர்கள், என்ன ஆயிற்று என்றார். அதிகாரி ரொம்ப மரியாதையாக, "நல்ல கருத்து, குறித்துக்கொள்கிறோம்" என்றார். ஆளுக்கு ஒரு சோடா கொடுத்தார்கள், கூட்டம் முடிந்தது.

அந்த வருட அறிக்கையைப் பிறகு நான் படித்தேன். பின்னிணைப்பில் வருகைப் பதிவேட்டின் நகல் இருந்தது, மக்கள் கலந்தாலோசிக்கப்பட்டார்கள் என்பதற்குச் சான்றாக. அந்த அம்மாவின் கையெழுத்தும் அதில் இருந்தது. கிணறு எங்கேயும் இல்லை, ஏன் இல்லை என்ற ஒரு வரியும் இல்லை. அடுத்த வருடக் கூட்டத்தில் அவரைத் தேடினேன், வரவில்லை.

அரசாங்கத்துக்கு ஸ்வாஹிலியில் "செரிகாலி" என்று பெயர். நம் சர்க்கார் என்ற சொல் வந்த அதே பாரசீக வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே ஜனங்கள் அதைப் பிரித்து "சிரி காலி" என்பார்கள், கடும் ரகசியம் என்று பொருள். ரகசியத்தைத் திறந்தால் நம்பிக்கை வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தாளை வெளியிடுவதுதான் எங்கள் முழக்கம். அந்த அம்மாவிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை, பட்ஜெட் புத்தகம் அவர் மடியிலேயே இருந்தது. அவருக்குப் பதில்தான் வரவில்லை.

இந்தப் பதில் விவகாரம் கென்யாவில் நீதிமன்றம்வரை போயிற்று. 2023 நிதிச் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலை 31 அன்று செல்லாது என்றது. மக்கள் சொன்ன கருத்துகளை ஏன் ஏற்றோம், ஏன் தள்ளினோம் என்று நாடாளுமன்றம் காரணம் சொல்லவில்லை என்பது அதில் முக்கியமான குறை. அக்டோபர் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. காரணம் சொல்வது நல்லது, ஆனால் சட்டப்படி கட்டாயம் இல்லை என்பது அதன் நிலை. நீதிபதிகளின் சங்கடம் எனக்குப் புரிகிறது, ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் எப்படிப் பதில் எழுதுவது? இருந்தாலும் என் மனம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடுதான் இருக்கிறது.

ஏனென்றால் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் முன்னால், 2024 ஜூனில் என்ன நடந்தது என்று பார்த்தோம். அந்த வருட நிதி மசோதாவை இளைஞர்கள் வரி வரியாகப் படித்தார்கள், உள்ளூர் மொழிகளில் விளக்கி வீடியோ போட்டார்கள், முறைப்படி மனுவும் அனுப்பினார்கள். ரொட்டிக்கு வரி, காருக்கு வரி என்று சிலவற்றை அரசு கைவிட்டது. மீதியோடு மசோதா ஜூன் 25 அன்று 195க்கு 106 என்று நிறைவேறியது. அன்றே கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது, காவல்துறை சுட்டது. அடுத்த நாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அதிபர் ருட்டோ பின்வாங்கினார். அந்தப் போராட்ட மாதங்களில் இறந்தவர்கள் சுமார் 60 பேர் என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் கணக்கிட்டது. மனுவுக்குக் கிடைக்காத பதில் தெருவில் கிடைத்தது என்று ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டுவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது, அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல உதாரணமே இல்லையா என்றால் இருக்கிறது. நைரோபிக்குத் தென்கிழக்கே மக்குவேனி என்று ஒரு வறண்ட கவுன்டி. மாம்பழத்துக்குப் பேர் போனது. 2013 முதல் 2022 வரை கிவுதா கிப்வானா அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர். கூட்டங்களை வார்டோடு நிறுத்தாமல் கிராமத்திலிருந்தே தொடங்கினார்கள். அதைவிட முக்கியம், ஒரு வேலை நடக்கும் இடத்தில் ஊர்க்காரர்களே ஒரு குழு அமைத்து மேற்பார்வை பார்ப்பார்கள், அந்தக் குழு கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். சுவரில் விரிசல் இருந்தால் கையெழுத்து கிடையாது. இங்கே கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது, அந்த அம்மா போட்ட வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை அப்படியே மற்ற 46 கவுன்டிகளுக்கும் நகல் எடுக்கலாமா என்றால் எனக்கு உறுதியில்லை. ஒரு பிடிவாதமான ஆளுநர், ஓரளவு ஒரே இனமாக வாழும் மக்கள், பணக்காரக் கவுன்டிகளில் இருக்கும் அளவுக்கு நிலப்போட்டி இல்லாதது, எல்லாம் சேர்ந்து வந்த பலன் அது.

இதெல்லாம் ஏன் பெரிய விஷயம் என்று கேட்டால் லைபீரியாவைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் எபோலாவுக்காக மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியைக் கம்பி வேலி போட்டு அடைத்தார்கள். கலவரமாயிற்று, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான், பத்து நாளில் அடைப்பை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நகரில் பிறகு எடுத்த ஆய்வில், அரசாங்கத்தை நம்பாதவர்களுக்கும் எபோலா பற்றிய அறிவு மற்றவர்கள் அளவுக்கே இருந்தது தெரிந்தது. தெரிந்தும், அரசு சொன்னதைச் செய்யத்தான் அவர்கள் தயங்கினார்கள். ஊரார் தாங்களே குழுக்கள் அமைத்து வீடு வீடாகப் போன பிறகுதான் நிலைமை பிடிபட்டது.

கேட்டவருக்குப் படிப்பு சம்பந்தமாக ஒரு வார்த்தை. நம்பிக்கை சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாடுகளை வரிசைப்படுத்தாதீர்கள். ஒரே ஒரு நாட்டை, முடிந்தால் ஒரே ஒரு கவுன்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் என்ன கேட்டார்கள், அடுத்த வருட பட்ஜெட்டில் என்ன வந்தது, வராததற்குக் காரணம் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா, போன வருடம் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் வந்தார்கள் என்று நாலு பத்தி உள்ள ஒரு அட்டவணை போட்டு நிரப்புங்கள். கென்யாவில் கவுன்டி ஆவணங்கள் ஓரளவு இணையத்தில் கிடைக்கும். கடைசிப் பத்தியை நிரப்பத்தான் வருகைப் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியிருக்கும், அது கண் நோகும் வேலை.